சேஃப்டிக்கு ஒரு டேக்

ஒரு விடுகதை போடுகிறேன். பதில் சொல்லுங்கள், பார்ப்போம்.

குண்டடி பட்டவன் ஒருத்தன். முனகினவன் இன்னொருத்தன். அடி பட்டவனுக்கு வலி இல்லை. முனகினவனுக்குக் காயம் இல்லை. முனகினவன் அடி பட்டவனின் முகத்தை நாள் முழுக்கப் பார்த்தான். அடி பட்டவன் முனகினவனைப் பார்த்ததே இல்லை. யார் இவர்கள்?

யோசியுங்கள், அவசரமில்லை. கண்டக்டரிடம் நான் பூந்தமல்லி ஒன்று என்று கேட்டபோது திரும்பிப் பார்த்து, "சார், உங்க குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றீர்களே, அதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். அடி பட்டவன் நடிகன். முனகினவன் நான். டப்பிங் பேசுகிறவன். பெயர் சம்பந்தம். என் பேச்சு புத்தகம் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று நினைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இருபத்தெட்டு வருஷமாக எழுதிக் கொடுத்ததைப் பேசிய வாய். பழகிவிட்டது.

இந்த விடுகதை நானே போட்டது. என் தங்கை மகள் ஆதிரைக்காகப் போட்டேன். ஏழு வயது. எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆளுக்கு ஒரு விடுகதை. அவள் இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, "சரி மாமா, அப்ப சுட்டவன் யாரு?" என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அவ்வளவு புத்தி.

எந்தப் படத்தில் என் குரலைக் கேட்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை அந்தக் கிழட்டுச் சிப்பாய் படம்... ஆமாம், அதேதான். முட்டி வலியோடு நடப்பாரே, அவர்தான். அது என் குரல்தான். இரண்டு தடவை பார்த்தீர்களா? அடேயப்பா.

எந்த இடம்? அவர் மண்ணில் விழுந்து கிடக்கும்போது அந்தச் சிறுமி அழுகிற இடமா? நீங்களும் அழுதுவிட்டீர்களா?

இல்லை, ஒன்றுமில்லை. என்னிடமே தண்ணீர் இருக்கிறது. நீங்கள் குடியுங்கள்.

அந்த அழுகை ஆதிரையுடையது.

நான் இப்போது எங்கிருந்து வருகிறேன் தெரியுமா? ஆதிரையின் காதுகுத்திலிருந்து வருகிறேன். போளூரிலிருந்து உள்ளே போனால் அவள் அப்பாவின் குலதெய்வக் கோயில். இதோ கையில் சந்தனம்கூடக் காயவில்லை. உங்களுக்குத் தெரியாததா, காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைப்பார்கள். நான் தாய்மாமன். ஒரே தாய்மாமன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அந்த மடிக்காக நான் ஏழு வருஷம் காத்திருந்தேன். ஒரு வயதில் குத்த வேண்டியது. அவள் அப்பா ராணுவத்தில் ஹவில்தார், லீவு கிடைக்கவில்லை. மூன்று வயதில் கொரோனா. ஐந்து வயதில் பத்திரிகை அடித்த பிறகு லீவை ரத்து செய்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பட்டுப்பாவாடை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அது சின்னதாகிப் போனது.

நடந்ததைச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன்.

இருபத்தெட்டு வருஷமும் நான் செய்தது அடியாள் வேலை. வெளிமொழிப் படம் தமிழுக்கு வரும்போது வில்லனுக்குப் பின்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் யாராவது கத்த வேண்டுமே. "டேய், விடாதே, பிடி!" "ஐயா, அவன் தப்பிச்சுட்டான்!" அப்புறம் சாக வேண்டும். மார்பில் குண்டு என்றால் ஒரு மாதிரி. வயிற்றில் கத்தி என்றால் வேறு மாதிரி. மாடியிலிருந்து விழுந்தால் நீளமாக ஆரம்பித்து, போகப் போகச் சிறுத்து, கடைசியில் நின்றுவிட வேண்டும். ஒரே நாளில் முப்பது தடவை செத்திருக்கிறேன். மாடியிலிருந்து விழுகிற சாவா, சம்பந்தத்தைக் கூப்பிடு என்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிளகுப் பால் குடிப்பேன்.

ஐம்பத்து மூன்று வயதில்தான் இந்தப் படம் வந்தது. கதாநாயகனே கிழவர். டப்பிங் இன்சார்ஜ் புகழேந்தி கூப்பிட்டு, "அண்ணே, இந்த ஆளுக்கு உடைஞ்சுபோன தொண்டை வேணும். உங்களுது ரெடியாவே இருக்கு" என்றான். கிண்டல்தான். ஆனால் என் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாக ஒரு படத்தில் கடைசி வரை உயிரோடு இருக்கப் போகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். முப்பது வருஷம் போர் செய்து அலுத்துப்போன சிப்பாய். இனி துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறார். ஓர் அநாதைச் சிறுமியை எடுத்து வளர்க்கிறார். அவளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அலுப்பெல்லாம் எங்கே போகுமோ, எண்பத்தாறு பேரைக் கொல்கிறார். நான் எண்ணினேன். ஒவ்வொருத்தனைக் குத்தும்போதும் நான்தானே மூச்சுவிட வேண்டும்? கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மார்பில் குண்டு பட்டு விழுகிறார். அதுவரை தாத்தா, தாத்தா என்று கூப்பிட்ட சிறுமி முதல் தடவையாக "அப்பா!" என்று அழுகிறாள். நாற்பது விநாடி. அதைக் கேட்டுத்தான் அவர் எழுந்து மிச்சமுள்ள இருபத்திரண்டு பேரைக் கொல்கிறார். அந்த நாற்பது விநாடி இல்லாவிட்டால் படமே இல்லை.

சிறுமிக்குப் பேச வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. பொதுவாகக் குழந்தைக் குரலைப் பெரிய பெண்களே பேசிவிடுவார்கள். மைதிலி என்று ஓர் அக்கா இருக்கிறார், ஐம்பது வயது, கைக்குழந்தை மாதிரி சிணுங்குவார். ஆனால் படக் கம்பெனிக்காரர்கள் நிஜக் குழந்தை பேசினால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளில் கொடுத்தாக வேண்டும். புகழேந்தி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எங்க ஆதிரை பேசுவா" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

தங்கை மலர்க்கொடியும் ஆதிரையும் சாலிகிராமத்தில் என்னோடுதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வடக்கே பனிப் பிரதேசத்தில் போஸ்டிங். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடம். அதனால் ஆதிரையைப் பள்ளியில் விடுவது, கூட்டிவருவது, வாய்ப்பாடு கேட்பது எல்லாம் நான்தான். மலர்க்கொடியிடம், "பிள்ளை சினிமாவில் பேசப் போகிறாள்" என்றேன். "பரீட்சை நேரத்துலயா அண்ணா?" என்றாள். "ஒரு நாள்தான்" என்றேன்.

நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்காரவைத்தோம். மைக்கைக் கீழே இறக்கினோம். ஹெட்போன் அவள் தலையைவிடப் பெரியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஜெரோமும் புகழேந்தியும். "தாத்தா, முட்டி வலிக்குதா?" என்ற முதல் வசனத்தையே ஒரே டேக்கில் பேசினாள். ஜெரோம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். மத்தியானத்துக்குள் எல்லா வசனமும் முடிந்தது. அழுகை மட்டும் பாக்கி.

அழுகை வரவில்லை. ஆதிரை அழுகிற பிள்ளை இல்லை. தடுப்பூசி போட்டால்கூட ஊசியை முறைத்துப் பார்ப்பாள். "ஊ... ஊ..." என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நானே அழுது காட்டினேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். பதினாறு டேக். புகழேந்தி மைக்கில், "அண்ணே, கால் மணி நேரம் பாருங்க. இல்லேன்னா மைதிலி அக்காவ வரச்சொல்லிடறேன்" என்றான். மைதிலி வந்தால் அழுகையை மட்டும் பேசமாட்டார். குரல் ஒட்டாதே, முழுவதையும் பேசுவார். காலையிலிருந்து ஆதிரை பேசியதெல்லாம் போய்விடும். அவள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளை ஏமாந்துவிடுவாளே என்றுதான் நான் யோசித்தேன். அவளுக்காகத்தான்.

தொழிலில் இது புதிதில்லை. நான் சேர்ந்த காலத்தில் ஒரு பெரியவர், பையன் அழ வேண்டும் என்பதற்காக, "உன் நாய்க்குட்டி லாரியில் அடிபட்டுவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் அதைச் சாமர்த்தியம் என்றுதான் பேசினார்கள். நானும்தான்.

நான் வெளியே போனேன். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். "ஆதிரை, அப்பா கேம்ப்லேர்ந்து போன் வந்துச்சு. அப்பாவுக்குக் குண்டு பட்டிருச்சாம்" என்றேன்.

என் குரல் சரியாக வந்தது. நடுவில் கொஞ்சம் உடைந்தது.

அவள் உடனே அழவில்லை. "எங்க பட்டுச்சு?" என்று கேட்டாள்.

"மார்ல" என்றேன். காட்சியில் மார்பில்தான் பட்டிருந்தது. வாயில் அதுதான் வந்தது.

திரையைப் பார்த்தாள். அங்கே அந்தக் கிழவர் விழுந்து கிடக்கிறார். அப்புறம் "அப்பா" என்றாள். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு வந்ததைத்தான் நீங்கள் தியேட்டரில் கேட்டீர்கள்.

டேக் ஓகே. உடனே அவளைத் தூக்கிக்கொண்டேன். "சும்மா சொன்னேன்டா கண்ணு. அப்பா நல்லா இருக்காரு. நடிப்புக்குச் சொன்னது" என்றேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். "அம்மாகிட்ட சொல்லாதே, என்னா?" என்றேன். தலையாட்டினாள். ரோஸ்மில்க் முழுவதையும் குடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அதனால் சரியாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடியோ காலில் வருவார். பெயர் கோதண்டன். அதிகம் பேசமாட்டார். அந்த வாரம் ஆதிரை, "அப்பா, கையக் காட்டுங்க" என்றாள். காட்டினார். "அந்தக் கை." காட்டினார். "சட்டையத் தூக்குங்க." அவர் சிரித்துக்கொண்டே கோட்டு, ஸ்வெட்டர், பனியன் எல்லாவற்றையும் தூக்கிக் காட்டினார். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலர்க்கொடி, "டாக்டரம்மா செக்கப் முடிஞ்சுதா?" என்று சிரித்தாள். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். பிறகு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு நான் காய்கறி வாங்கப் போய்விடுவேன்.

என்னிடம் ஒன்றும் கோபமாக இல்லை. சாப்பிடுவாள், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பாள். ஆனால் விடுகதை கேட்பதை விட்டுவிட்டாள். நான் போட்டால், "தெரியல மாமா" என்பாள். யோசிக்கவே மாட்டாள். மழை பெய்கிறது என்றால், "நிஜமாவா?" என்பாள். என் பதிலுக்கு நிற்கமாட்டாள். பால்கனிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பாள். நாளைக்குப் பள்ளி லீவு என்றால் கீழ்வீட்டுப் பிள்ளையிடம் போய்க் கேட்டுவிட்டு வருவாள். பிள்ளைக்கு விவரம் வருகிறது என்று மலர்க்கொடியிடம் சொன்னேன்.

போன மாதம் கோதண்டன் என் செல்லுக்குப் போன் செய்தார். "மச்சான், லீவு கெடைச்சிருச்சு. முப்பது நாள். இந்தத் தடவை காதுகுத்து கண்டிப்பா." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆதிரை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். செல்லைக் கையில் பிடித்தபடி ஓடிப்போய், "ஆதிரை, அப்பாகிட்டேர்ந்து போன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் அவள் என் கையையும் செல்லையும் பார்த்தாள். பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து சமையற்கட்டுக்கு ஓடினாள். மலர்க்கொடியின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னடி? அப்பா வர்றார்டி!" என்று மலர்க்கொடி எவ்வளவு சொல்லியும் வெளியே வரவில்லை. நான் அதே செல்லோடு வாசற்படியில் நின்றேன்.

சரி. கோதண்டன் வந்தார். எல்லோரும் போளூருக்குப் போனோம். படமும் அந்த வாரம்தான் வெளியாகியிருந்தது. பெரியவர்களுக்கான படம், ரத்தம் அதிகம், ஆதிரையைக் கூட்டிப்போக முடியாது. கோதண்டனை மட்டும் மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். என் குரலை அவர் கேட்க வேண்டும் என்று ஆசை. அது மட்டுமில்லை, மகளின் குரலையும் திடீரென்று கேட்டு ஆச்சரியப்படட்டும் என்று ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே போனாலும் ஓரத்தில்தான் உட்காருகிறார். முதல் அரை மணி நேரத்தில் பதினேழு பேர் செத்தார்கள். தியேட்டரே விசில் அடிக்கிறது. இவர் என் காதில், "மச்சான், இந்தாளு துப்பாக்கிக்குக் குண்டே தீராதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாகும்போது இவ்ளோ பேச மாட்டாங்க மச்சான்" என்றார். ஓர் இடத்தில் சண்டை இல்லை, வசனம் இல்லை. கிழவர் படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வார். பின்னால் ஒருத்தன், "தாத்தா, தைலம் வேணுமா?" என்று கத்தினான். கோதண்டன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். "இது சரி" என்றார். படத்தில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அவருக்கு முப்பத்தொன்பது வயதாகிறது. அவரும் முட்டிக்குப் பட்டை போட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அழுகை வந்தது. "அப்பா" என்று மெதுவாக. கோதண்டன் எழுந்துவிட்டார். உட்காருய்யா என்று பின்னால் கத்தினார்கள். அவர் வெளியே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். எதிரே டீக்கடை. அங்கே நின்றிருந்தார்.

"அது ஆதிரை" என்றார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களே மாப்பிள்ளை!" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"எப்படி அழுதா?"

"நடிப்புதான். பதினாறு டேக் போச்சு. பதினேழாவதுல பிடிச்சுட்டா."

டீ வந்தது. அவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "எங்க செக்ஷன்ல ஒருத்தன் போயிட்டான் மச்சான். தர்மபுரிக்காரப் பையன். வீட்டுக்குச் சொல்லணும். தமிழ் பேசற ஆளு நான்தான். நான்தான் போன் போட்டேன். அவன் பொண்ணு எடுத்துச்சு. அம்மாவக் கூப்பிடும்மான்னேன். அதுக்குள்ள அதுக்குப் புரிஞ்சிருச்சு" என்றார். "அந்தச் சத்தம். அத நடிக்க முடியாது மச்சான்."

"நம்ம ஆதிரைக்கு அப்படி ஒரு திறமை மாப்பிள்ளை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். டீயைக் குடிக்காமலே கிளாசைப் பலகையில் வைத்தார்.

வீட்டில் ஆதிரை கூடத்தில் குப்புறப் படுத்து, கோயிலுக்குப் போடுகிற கோலத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். கோதண்டன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவுப் பக்கம் நின்றேன். "சினிமாவுல அழுதியே கண்ணு, நல்லா இருந்துச்சு. மாமா என்ன சொல்லி அழ வச்சாரு?"

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம், "ஒண்ணும் சொல்லல. நானேதான் அழுதேன்" என்றாள். மறுபடியும் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லாதே என்றுதான் நான் கேட்டிருந்தேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. எனக்காகப் பொய் சொன்னாள். நான் அங்கேயே நின்றேன். அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். நான்கு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன்கூட. யாரும் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. மூடிக்கொண்டேன்.

உங்களிடம் ஒன்றை விட்டுவிட்டேன். டேக் ஓகே ஆனதும் அவளைத் தூக்கிக்கொண்டேன் என்று சொன்னேன் அல்லவா? அது அப்படி இல்லை.

அவள் நிஜமாக அழுத முதல் டேக் முடிந்ததும் புகழேந்தி என் ஹெட்போனில், "அண்ணே, பிரமாதம். ஆனா நடுவுல மைக்குல கை இடிச்ச சத்தம் வந்திருக்கோன்னு சந்தேகமா இருக்கு. சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாமா?" என்றான். அவள் அழுதுகொண்டிருந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் மறுபடியும் வராது. என்றைக்குமே வராது. தொழில் தெரிந்தவனுக்கு அது தெரியும். ஜெரோம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். புகழேந்தி தோளைத் தட்டியதும் திரும்ப மாட்டிக்கொண்டான். காட்சியைப் பின்னுக்கு ஓட்ட வேண்டும். அவள், "மாமா, அம்மாகிட்ட போலாம். அப்பா எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

"போலாம். இத மட்டும் ஒரு தடவை பேசிட்டுப் போலாம்" என்றேன்.

பேசினாள். அந்த அழுகையோடு திரையைப் பார்த்து, சரியாக வாய் அசைவுக்குப் பொருத்தி இன்னொரு தடவை பேசினாள். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போகலாம் என்று நினைத்திருப்பாள்.

மொத்தம் ஒன்பது நிமிஷம். ஜெரோமின் கம்ப்யூட்டரில் எண் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தெரியும். பிறகு முதல் டேக்கையே கேட்டுப் பார்த்தார்கள். கை இடிக்கவில்லை. சுத்தமாக இருந்தது. நீங்கள் கேட்டது முதல் டேக். இரண்டாவதை அழித்துவிட்டார்கள். அது எதற்கும் பயன்படவில்லை.

ஒன்பது நிமிஷம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சரி, வேண்டாம். சொல்லாதீர்கள்.

இன்று காலை கோயிலில் நல்ல கூட்டம். பதினொரு தட்டு சீர் வைத்தேன். பட்டுப்பாவாடை அரக்கு நிறம், இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது. சின்னத் தங்கத் தோடு, பூ மாதிரி. ஆசாரி சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் மணை போட்டார்கள். தாய்மாமன் உட்காரட்டும் என்று பெரியவர் ஒருத்தர் குரல் கொடுத்தார். நான் புது வேட்டியோடு மணையில் உட்கார்ந்தேன். மடியைச் சரி செய்துகொண்டேன். வாயில் போட வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை நாலடி தள்ளித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரால் முட்டியை மடக்க முடியவில்லை.

ஆதிரையைக் கூட்டிவந்தார்கள். காது மடலில் குங்குமத்தால் புள்ளி வைத்திருந்தார்கள். என் முன்னால் வந்து நின்றாள். உட்காரவில்லை. ஊசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாமா, வலிக்குமா?"

ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வலிக்காதுடா கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றேன்.

எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள்? ஆசாரியே அதைத்தான் சொன்னார். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். இல்லையா?

அவள் திரும்பினாள். "அப்பா, வலிக்குமா?"

"வலிக்கும்" என்றார் கோதண்டன்.

"அய்யோ, புள்ளகிட்ட இப்படியா சொல்லுவாங்க?" என்று அவருடைய அக்கா அதட்டினாள்.

"எவ்ளோ நேரம்ப்பா?"

"குத்தும்போது ஒரு நிமிஷம். அப்புறம் ரெண்டு நாளைக்கு இருக்கும்."

"ஏண்டி, நேரமாகுது, மாமா மடியில உட்காரு" என்றாள் மலர்க்கொடி. நான் கையை நீட்டினேன்.

ஆதிரை மணையைச் சுற்றிக்கொண்டு போய் அவள் அப்பா மடியில் உட்கார்ந்தாள்.